நள்ளிரவில் வாக்களிக்கும் டிக்ஸ்வில் நாட்ச்: ஆறு வாக்குகளை எப்படிப் படிப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபர் தேர்தல் நாளன்று, நாட்டின் மற்ற வாக்குச்சாவடிகள் திறப்பதற்குப் பல மணி நேரம் முன்பே டிக்ஸ்வில் நாட்ச் என்ற ஓர் ஊரின் முடிவு வெளியாகிவிடும். 2024 நவம்பர் 5 அன்று அப்படி வந்த முடிவு: கமலா ஹாரிஸ் 3, டொனால்ட் டிரம்ப் 3. பதிவான வாக்குகளே ஆறுதான். இந்தச் சின்ன எண்ணை வைத்து ஒவ்வொரு முறையும் பெரிய பெரிய ஊகங்கள் கிளம்புகின்றன. அந்த ஊரின் அரசியல் சாய்வையும் வாக்குப்பதிவையும் சரியாகப் படிக்க விரும்புவோருக்காக இந்தப் பக்கம்.

டிக்ஸ்வில் நாட்ச் எங்கே இருக்கிறது? எத்தனை பேர் வாழ்கிறார்கள்?

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லைக்கு அருகே, மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. ‘நாட்ச்’ என்றால் அந்த வட்டாரப் பேச்சில் கணவாய். அது அடங்கிய கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) பெயர் Coös. எழுத்தைப் பார்த்துப் பலர் அதை ‘கூஸ்’ என்று படிக்கிறார்கள். அங்குள்ளவர்கள் ‘கோஆஸ்’ என்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் டிக்ஸ்வில் முழு ஊராட்சி அல்ல. ஆள் குறைவு என்பதால் உள்ளூர் ஆட்சி அமைக்கப்படாத நிலப்பகுதி அது. தேர்தல் நடத்துவதற்கு மட்டும் தனக்கென அலுவலர்களை வைத்துக்கொள்கிறது.

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 12 பேர். 2020இல் 4 பேர். அந்த 4ஐ அப்படியே நம்பிக் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

ஏன் நள்ளிரவு? யார் தொடங்கியது?

முதலில் தொடங்கியது டிக்ஸ்வில் அல்ல. அதே மாநிலத்தில் தெற்கே இருக்கும் ஹார்ட்ஸ் லொகேஷன் என்ற ஊர் 1948இலேயே நள்ளிரவில் வாக்களித்தது. அங்கே பலர் ரயில்வே ஊழியர்கள். வழக்கமான வாக்குப்பதிவு நேரத்துக்கு முன்பே வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், தேதி மாறிய கையோடு வாக்களித்துவிட்டுப் போனார்கள். பத்திரிகைக்காரர்களின் கூட்டமும் இரவு விழிப்பும் அலுத்துப்போய் 1964இல் அந்த ஊர் இதை நிறுத்தியது; 1996இல் மீண்டும் தொடங்கியது.

டிக்ஸ்வில்லில் 1960இல் ஆரம்பித்தவர் நீல் டில்லட்சன். லேடெக்ஸ் ரப்பர் பலூன் தொழிலில் பெரிய அளவில் வளர்ந்தவர். டிக்ஸ்வில்லில் இருந்த பால்சம்ஸ் என்ற பெரிய சுற்றுலா ஹோட்டலை 1954இல் வாங்கினார். ஹோட்டலும் அதையொட்டிய ரப்பர் தொழிற்கூடமும்தான் அப்போது ஊரின் பிழைப்பு. வாக்களிக்க வெளியூர் போகாமல் ஹோட்டலிலேயே வாக்குப்பதிவு நடத்த அவர் ஏற்பாடு செய்தார். 1960 முதல் 2000 வரை முதல் வாக்கை அவர்தான் பெட்டியில் போட்டார். 1898இல் பிறந்தவர், 2001இல் 102ஆம் வயதில் காலமானார்.

எந்த ஊரும் இப்படி நள்ளிரவில் வாக்குச்சாவடியைத் திறக்கலாமா?

முடியாது. நியூ ஹாம்ப்ஷயர் சட்டப்படி வாக்குச்சாவடி காலை 11 மணிக்குள் திறந்திருக்க வேண்டும். மாலை 7 மணிக்கு முன் மூடக்கூடாது. ஏறக்குறைய நூறு பேருக்குள் அடங்கும் மிகச் சிறிய ஊர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நள்ளிரவில் திறக்கலாம், பட்டியலில் உள்ள அத்தனை பேரும் வாக்களித்து முடித்ததும் மூடிவிட்டு எண்ணலாம்.

அத்தனை பேரும் வாக்களித்து முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரின் வாக்குப்பதிவு விழுக்காட்டைப் புரிந்துகொள்ளும் திறவுகோல் அதுதான்.

அந்த இரவில் என்னென்ன நடக்கிறது?

நள்ளிரவுக்கு முன்பே வாக்காளர்கள் கூடிவிடுவார்கள். முன்பு பால்சம்ஸ் ஹோட்டலில் இதற்கென்றே ஓர் அறை இருந்தது. ஒவ்வொரு வாக்காளருக்கும் ஒரு தனி மறைப்புக் கூண்டு. ஹோட்டல் மூடப்பட்ட பின் அதே வளாகத்தின் வேறு கட்டடங்களில் நடக்கிறது.

தேர்தலை நடத்தும் அலுவலருக்கு அங்கே ‘மாடரேட்டர்’ என்று பெயர். வாக்குப்பெட்டி காலியாக இருக்கிறது என்று காட்டி, மணி பன்னிரண்டு ஆனதும் வாக்குப்பதிவு தொடங்கியதாக அறிவிப்பார். வாக்காளர் பெயரைச் சொல்வார், பட்டியலில் குறியிடுவார்கள், அடையாள அட்டையைப் பார்த்துக் காகித வாக்குச்சீட்டைக் கொடுப்பார்கள். சீட்டை நிரப்பிப் பெட்டியில் போட்டதும் அவர் வேலை முடிந்தது. தபால் மூலம் வந்த வாக்கு இருந்தால் அதையும் பட்டியலில் சரிபார்த்துச் சேர்க்கிறார்கள். கடைசிச் சீட்டு விழுந்ததும் வாக்குப்பதிவு முடிந்ததாக அறிவித்து, கையாலேயே எண்ணி, பலகையில் எழுதி, கேமராக்கள் முன் வாசிக்கிறார்கள். மொத்தமும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

வாக்குப்பதிவு 100 விழுக்காடு என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆனால் அதை வேறோர் ஊரின் 70 அல்லது 75 விழுக்காட்டோடு ஒப்பிட முடியாது.

எல்லோரும் வாக்களித்தால்தான் நள்ளிரவிலேயே மூடி முடிவைச் சொல்ல முடியும். ஒருவர் வராவிட்டாலும் சாவடி மாலைவரை திறந்திருக்க வேண்டும்; முடிவைச் சொல்லும் முதல் ஊர் என்ற பெயர் போய்விடும். ஆகவே ஒவ்வொருவரும் வர வேண்டும் என்ற அழுத்தம் ஏற்பாட்டிலேயே இருக்கிறது. வர முடியாதவர் முன்கூட்டியே தபால் வாக்கு வாங்கிவிடுகிறார். இனி அங்கே வாழாதவரின் பெயர் பட்டியலில் தொங்கிக்கொண்டிருந்தால் அதைத் தேர்தலுக்கு முன்பே நீக்குகிறார்கள். அதாவது விழுக்காட்டுக் கணக்கில் மேலே வரும் எண்ணும் (வாக்களித்தவர்) கீழே வரும் எண்ணும் (பட்டியலில் உள்ளவர்) ஒன்றாகும்படி பார்த்துக்கொள்ளப்படுகிறது.

பெரிய ஊர்களில் இப்படி நடக்காது. இடம் பெயர்ந்தவர், இறந்தவர் பெயர்கள் பட்டியலில் சில காலம் தங்கும். நியூ ஹாம்ப்ஷயரில் முழுப் பட்டியலையும் பத்தாண்டுக்கு ஒருமுறை சரிபார்த்துவந்தார்கள்; 2021இல் அப்படி நடந்தது. சரிபார்ப்பு முடிந்து ஆண்டுகள் ஏற ஏறப் பட்டியல் ஊதும். வாக்களித்தவர் எண்ணிக்கை மாறாமலே விழுக்காடு குறையும். மக்கள் சலித்துப்போய்விட்டார்கள் என்று அதை எழுதினால் பிழை.

டிக்ஸ்வில் எந்தக் கட்சிப் பக்கம்?

சில தேர்தல்களின் முடிவுகளைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். நிக்சன், ஃபோர்டு, ரேகன், இரு புஷ்கள், மெக்கெய்ன், ராம்னி, டிரம்ப் ஆகியோர் குடியரசுக் கட்சி; கென்னடி, ஹம்ஃப்ரி, கார்ட்டர், மாண்டேல், இரு கிளிண்டன்கள், கோர், கெர்ரி, ஒபாமா, பைடன், ஹாரிஸ் ஆகியோர் ஜனநாயகக் கட்சி; மற்றவர்கள் இவ்விரு கட்சிகளையும் சேராதவர்கள்.

1960: நிக்சன் 9, கென்னடி 0
1968: ஹம்ஃப்ரி 8, நிக்சன் 4
1976: ஃபோர்டு 13, கார்ட்டர் 11
1984: ரேகன் 29, மாண்டேல் 1
1992: புஷ் 15, பெரோ 8, மாரூ 5, கிளிண்டன் 2
2000: இளைய புஷ் 21, கோர் 5, நேடர் 1
2004: இளைய புஷ் 19, கெர்ரி 7
2008: ஒபாமா 15, மெக்கெய்ன் 6
2012: ஒபாமா 5, ராம்னி 5
2016: ஹிலரி கிளிண்டன் 4, டிரம்ப் 2, ஜான்சன் 1, ராம்னி 1
2020: பைடன் 5, டிரம்ப் 0
2024: ஹாரிஸ் 3, டிரம்ப் 3

2004 வரை, 1968ஐத் தவிர, எல்லா அதிபர் தேர்தலிலும் குடியரசுக் கட்சி வேட்பாளரே முதலிடம். 2008க்குப் பிறகு அக்கட்சி அங்கே ஒருமுறையும் தனித்து முன்னிலை பெறவில்லை. 1992 வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நாட்டில் வென்ற கிளிண்டன் அங்கே நான்காம் இடம். லிபர்டேரியன் என்ற சிறிய கட்சியின் ஆண்ட்ரே மாரூ அவரைவிட இரண்டு மடங்குக்கு மேல் வாங்கியிருக்கிறார். அந்த ஆண்டு உட்கட்சித் தேர்தலின்போது (கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) மாரூ நேரில் வந்து வாக்குக் கேட்டார். முப்பது பேர் உள்ள ஊரில் நேரில் வரும் வேட்பாளரின் கைகுலுக்கலுக்கு இருக்கும் வலு, எந்த மாநிலக் கணக்கிலும் தென்படாத ஒன்று.

2004க்குப் பின் ஊர் மனம் மாறிவிட்டதா?

இரண்டு வேறு விஷயங்கள் இங்கே ஒன்றாகக் குழப்பப்படுகின்றன: இருந்தவர்கள் மனம் மாறுவது ஒன்று, இருந்தவர்கள் போய்ப் புதியவர்கள் வருவது இன்னொன்று.

மொத்த வாக்குகளைப் பாருங்கள். 2000இல் 27, 2004இல் 26, 2008இல் 21, 2012இல் 10, 2016இல் 8, 2020இல் 5, 2024இல் 6. பால்சம்ஸ் ஹோட்டல் 2011இல் மூடப்பட்டது. வேலை போனதும் ஆட்கள் போனார்கள். வாக்காளர் எண்ணிக்கை ஒரே தேர்தல் இடைவெளியில் பாதியாகக் குறைந்தது. எனவே 2008ஐ 2012உடன் ஒப்பிட்டு ‘ஒபாமா 15இலிருந்து 5க்குச் சரிந்தார்’ என்று எழுதினால், வேலையிழந்து ஊரைவிட்டுப் போனவர்களைக் கட்சி மாறியவர்களாக்கிவிடுகிறோம்.

2004க்கும் 2008க்கும் நடுவே நடந்தது வேறு. அப்போது ஹோட்டல் இயங்கிக்கொண்டிருந்தது. மொத்தம் ஐந்துதான் குறைந்தது. ஆனால் குடியரசுக் கட்சி 13 வாக்குகளை இழந்தது. ஜனநாயகக் கட்சி 8 கூடுதலாகப் பெற்றது. ஆள் குறைவு மட்டும் இதை விளக்காது. அந்த ஆண்டு மாநிலமும் ஒபாமாவுக்குத்தான் கிடைத்தது. ஆகவே மனமாற்றம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஹோட்டல் ஊழியர்கள் அடிக்கடி மாறுபவர்கள் என்பதும் நிஜம்.

இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, இரு தேர்தல்களின் வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. நிலைத்தவர், போனவர், வந்தவர் என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். நிலைத்தவர் பாதிக்கும் குறைவு என்றால், ‘ஊர் சாய்ந்தது’ என்ற சொல்லையே கைவிடுங்கள். அது வேறோர் ஊர்.

பட்டியலில் உள்ள கட்சிப் பதிவைப் பார்த்தால் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாமா?

சொல்ல முடியாது என்பதற்கு டிக்ஸ்வில்லே சாட்சி.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் வாக்காளராகப் பதியும்போதே கட்சியையும் பதிவு செய்யலாம். நியூ ஹாம்ப்ஷயரில் மூன்று வகை: குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி, கட்சி சொல்லாதவர். மூன்றாம் வகையினர் மாநிலத்தில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேர். உட்கட்சித் தேர்தலில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டை வேண்டுமானாலும் அவர்கள் கேட்டு வாங்கலாம். வாங்கிய கணத்தில் அந்தக் கட்சியில் பதிவாகிவிடுவார்கள். வாக்களித்துவிட்டு அங்கேயே ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால் மீண்டும் கட்சி சொல்லாதவர் ஆகிவிடலாம். கையெழுத்திட மறந்தால் பதிவு அப்படியே நிற்கும். பட்டியலில் ‘குடியரசுக் கட்சி’ என்று இருப்பவரில் இப்படி மறந்தவர்களும் உண்டு.

2024இல் டிக்ஸ்வில்லில் இருந்த ஆறு வாக்காளர்களில் நான்கு பேர் குடியரசுக் கட்சி, இருவர் கட்சி சொல்லாதவர். ஜனநாயகக் கட்சிப் பதிவு ஒன்றுகூட இல்லை. ஜனவரி உட்கட்சித் தேர்தலில் ஆறு பேரும் குடியரசுக் கட்சிச் சீட்டை வாங்கி, ஆறும் டிரம்பை எதிர்த்துப் போட்டியிட்ட நிக்கி ஹேலிக்கு விழுந்தன. டிரம்புக்கு ஒன்றும் இல்லை. மாநில முழுவதிலும் வென்றவர் டிரம்ப். நவம்பரில் அதே ஊர் 3க்கு 3. பதிவை மட்டும் பார்த்திருந்தால் டிரம்புக்குக் குறைந்தது நான்கு என்றிருப்போம். குடியரசுக் கட்சிக்காரர் ஒருவராவது ஹாரிஸுக்கு வாக்களித்தார் என்பது கூட்டல் கழித்தலிலேயே தெரிகிறது.

டிக்ஸ்வில் முடிவு நாட்டின் முடிவை முன்னறிவிக்குமா?

எண்ணிப் பார்த்துவிடலாம். 1960 முதல் 2024 வரை 17 அதிபர் தேர்தல்கள். டிக்ஸ்வில்லில் முதலிடம் பெற்றவரே அதிபரானது 8 முறை: 1972, 1980, 1984, 1988, 2000, 2004, 2008, 2020. தவறியது 7 முறை: 1960, 1964, 1968, 1976, 1992, 1996, 2016. சமநிலை 2 முறை. நாணயத்தைச் சுண்டினாலும் கிட்டத்தட்ட இதே தேர்ச்சிதான் கிடைக்கும்.

2004 வரை பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்துவந்த ஊர், அந்தக் கட்சி நாட்டில் வென்ற ஆண்டுகளில் ‘சரியாகச் சொன்னது’. அவ்வளவுதான் அதில் உள்ள ரகசியம்.

மூன்று நள்ளிரவு ஊர்களையும் கூட்டிப் பார்த்தால் தேறாதா?

2016இல் அப்படித்தான் செய்தார்கள். டிக்ஸ்வில்லில் கிளிண்டன் 4, டிரம்ப் 2. ஹார்ட்ஸ் லொகேஷனில் கிளிண்டன் 17, டிரம்ப் 14. டிக்ஸ்வில்லை ஒட்டியிருக்கும் மில்ஸ்ஃபீல்டில் டிரம்ப் 16, கிளிண்டன் 4. கூட்டினால் டிரம்ப் 32, கிளிண்டன் 25. ‘நியூ ஹாம்ப்ஷயரில் டிரம்ப் முன்னிலை’ என்ற செய்தி விடியும் முன்பே பரவியது. எண்ணி முடித்தபோது மாநிலம் 2,736 வாக்கு வித்தியாசத்தில் கிளிண்டனுக்குப் போனது. பதிவானவை 7 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல்.

2020இல் டிக்ஸ்வில் பைடனுக்கு 5க்கு 0; மில்ஸ்ஃபீல்டு டிரம்புக்கு 16க்கு 5. கொரோனா காரணமாக ஹார்ட்ஸ் லொகேஷன் அந்த இரவு வாக்களிக்கவில்லை. இரண்டையும் கூட்டினால் டிரம்ப் 16, பைடன் 10. மாநிலத்தை வென்றவர் பைடன்.

கூட்டியும் தேறாததற்குக் காரணம் எண்ணிக்கை குறைவு மட்டுமல்ல. இந்த ஊர்கள் மாநிலத்திலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த மாதிரிகள் அல்ல. காட்டு மலைப்பகுதியில், சுற்றுலா, மரம், சாலை ஆகியவற்றை நம்பி வாழும் வெகு சில குடும்பங்கள். மாநிலத்தின் பெரும்பாலான வாக்குகள் தெற்கே மான்செஸ்டர், நாஷுவா நகரங்களிலும் அவற்றைச் சுற்றியும் இருக்கின்றன.

ஆறு வாக்குக்கு விழுக்காடு போடலாமா?

போடாதீர்கள். 3க்கு 3 என்ற இடத்தில் ஒரே ஒருவர் பக்கம் மாறினால் 4க்கு 2. விழுக்காட்டில் சொன்னால் வித்தியாசம் பூச்சியத்திலிருந்து 33க்குப் பாய்கிறது. பாய்ந்தது ஊர் அல்ல, ஒருவர். ஐம்பது வாக்குக்குக் கீழே இருக்கும் ஊருக்கு எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. ஐம்பதிலிருந்து சில நூறு வரை எண்ணிக்கையை முதலிலும் விழுக்காட்டைத் துணையாகவும் எழுதலாம்.

தேர்தலுக்குத் தேர்தல் மாற்றத்தைச் சொல்ல வேண்டுமானால், ஒரே தேர்தலை வைத்துப் பேசாமல் நான்கைந்து தேர்தல்களைச் சேர்த்துப் பாருங்கள். அதே வாக்குச்சீட்டில் அதிபர் பதவிக்கான வரிசையோடு ஆளுநர், செனட், மாநில மன்றப் பதவிகளுக்கான வரிசைகளையும் எடுங்கள். சிற்றூரில் ஆளுநருக்கு ஒரு கட்சி, அதிபருக்கு இன்னொரு கட்சி என்று பிரித்துப் போடுவோர் நிறைய. அதிபர் வரியை மட்டும் பார்த்து ஊருக்கு நிறம் பூசினால் அவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார்கள்.

மக்கள்தொகை 4, வாக்கு 5. இது எப்படி?

2020இல் நடந்தது இதுதான். கணக்கெடுப்பைக் கீழே வைத்துக் கணக்கிட்டால் வாக்குப்பதிவு 125 விழுக்காடு. கள்ள வாக்கு என்று கிளம்புபவர்கள் இந்த இடத்தில்தான் கிளம்புகிறார்கள். மூன்று எளிய காரணங்கள் உண்டு.

கணக்கெடுப்பு ஏப்ரல் 1ஆம் தேதி நிலவரம், தேர்தல் நவம்பரில். ஏழு மாதத்தில் ஒருவர் குடிவந்தாலே கணக்கு மாறிவிடும். அடுத்து, கணக்கெடுப்பும் வாக்காளர் சட்டமும் ‘வசிப்பவர்’ என்பதை ஒரே அளவுகோலால் பார்ப்பதில்லை. மூன்றாவது பலருக்குத் தெரியாதது: 2020 முதல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை, தனிநபர் விவரம் வெளிப்படாமல் இருக்க, மாநிலத்துக்குக் கீழான எண்களில் வேண்டுமென்றே சிறு ஏற்ற இறக்கத்தைக் கலந்து வெளியிடுகிறது. பெரிய நகரத்தில் ஒன்றிரண்டு கூடுவதும் குறைவதும் தெரியாது. நான்கு பேர் ஊரில் அதுவே பாதி ஊர்.

எனவே சிற்றூர்களில் மக்கள்தொகை எண்ணை வாக்குப்பதிவுக்கு அடியெண்ணாக வைக்கவே கூடாது.

அப்படியானால் ஒரு சிற்றூரின் வாக்குப்பதிவைக் கணக்கிடும் சரியான முறை எது?

முதலில் மேலெண். வாக்குச்சீட்டு வாங்கிய மொத்தப் பேர் வேண்டும். அதிபர் வரிசையில் விழுந்த வாக்குகளின் கூட்டுத்தொகை போதாது. சிலர் அந்த வரிசையைக் காலியாக விட்டிருப்பார்கள். ஊர் எழுத்தர் மாநிலத்துக்கு அனுப்பும் தேர்தல் அறிக்கையில் மொத்தச் சீட்டு எண்ணிக்கை இருக்கும்.

அடுத்து அடியெண். தேர்தலுக்கு முந்தைய நாள் பட்டியல், தேர்தல் நாளன்றே பதிந்து வாக்களித்தவர்கள், இரண்டையும் கூட்ட வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரில் வாக்குச்சாவடியிலேயே பதிவு செய்து அப்போதே வாக்களிக்கலாம். புதியவர்களை மேலே சேர்த்துக் கீழே சேர்க்காமல் விடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. கல்லூரி உள்ள ஊர்களில் இதனாலேயே நூற்றைத் தாண்டிய விழுக்காடுகள் வந்துவிடுகின்றன.

2024 நவம்பர் தேர்தலுக்குப் பின் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டப்படி, புதிதாகப் பதிபவர் குடியுரிமைச் சான்றை ஆவணமாகக் காட்ட வேண்டும். முன்பு ஆவணம் இல்லாதவர் உறுதிமொழியில் கையெழுத்திட்டுப் பதியலாம். ஆகவே அதற்கு முந்தைய, பிந்தைய தேர்தல்களின் ‘அன்றே பதிந்தவர்’ எண்ணிக்கையை ஒரே தராசில் வைக்காதீர்கள்.

நாடு முழுவதற்கும் சொல்லப்படும் எண்கள் வேறு அடியெண்ணில் நிற்பவை. 2020இல் ஏறக்குறைய 66, 2024இல் ஏறக்குறைய 64 விழுக்காடு என்பவை வாக்களிக்கத் தகுதியுள்ள குடிமக்களை வைத்துக் கணக்கிட்டவை. பதிவு செய்தவர்களை வைத்து அல்ல. உங்கள் ஊரின் 85 விழுக்காட்டைப் பட்டியலிலிருந்து கணக்கிட்டு, பக்கத்திலேயே நாட்டின் 64ஐப் போட்டு ‘எங்கள் ஊர் முன்னோடி’ என்று எழுதினால் அது நியாயமான ஒப்பீடு இல்லை.

யார் டிக்ஸ்வில்வாசி? வெளியூர்க்காரர்கள் வந்து வாக்களிக்கிறார்களா?

சட்டம் கேட்பது ‘டொமிசைல்’. ஒருவர் வேறெந்த இடத்தையும்விட அதிகமாக உடலளவில் தங்கி, குடும்ப, சமூக, குடிமை வாழ்க்கைக்கு அதையே நிலையான இருப்பிடமாகக் கொள்ளும் எண்ணத்தை வெளிக்காட்டும் இடம். சொத்து இருப்பதால் மட்டும் வாக்குரிமை வராது; கோடைகால வீடு போதாது.

2016 தேர்தலுக்குப் பின் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் டிக்ஸ்வில் பட்டியலில் ஒழுங்கின்மைகள் இருப்பதைச் சுட்டிக்காட்டி, அடுத்த தேர்தல்களைக் கண்காணித்தது. எட்டுப் பேர் ஊரில் ஒருவரின் குடியிருப்பு சந்தேகத்துக்கு உள்ளானாலும் அது வாக்காளர்களில் எட்டில் ஒரு பங்கு. இவ்வளவு கேமராக்கள் முன் நடக்கும் தேர்தலில் பட்டியல் சுத்தமாக இருப்பது முதல் கடமை என்றே நாங்கள் கருதுகிறோம்.

இந்த வழக்கம் நின்றுபோகும் நிலை வந்ததா?

2019இல் வந்தது. தேர்தல் நடத்தத் தேவையான பொறுப்புகளை நிரப்ப ஐந்து பேர் வேண்டும்: மாடரேட்டர், எழுத்தர், ஊர் நிர்வாகிகள், பட்டியல் மேற்பார்வையாளர்கள் என்று. ஒருவர் ஊரை விட்டுப் போனதும் நான்காகிவிட்டது. பால்சம்ஸை மீண்டும் எழுப்ப முயன்றுவரும் தொழில்முனைவர் அங்கேயே குடிவந்து பொறுப்பேற்றதால், 2020 பிப்ரவரி உட்கட்சித் தேர்தல் நள்ளிரவில் நடந்தது.

எல்லோரும் ஒருவருக்கே போட்டால் ரகசிய வாக்குரிமை என்ன ஆகிறது?

போய்விடுகிறது. 2020இல் 5க்கு 0 என்று வாசித்த நொடியில் ஐந்து பேரின் வாக்கும் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. அவர்களில் ஒருவர் தான் நெடுநாள் குடியரசுக் கட்சிக்காரர் என்றும் பைடனுக்கு வாக்களித்ததாகவும் தானே முன்வந்து சொன்னார். ஆனால் சொல்ல விரும்பாதவருக்கும் மறைக்க வழியில்லை. 29க்கு 1 என்ற 1984 முடிவும் அப்படியே. அந்த ஒருவர் யார் என்று ஊருக்குள் பேச்சு எழாமல் இருந்திருக்காது.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. நெவாடாவில், வாக்களித்தவர் பத்துக்கும் குறைவாக உள்ள சாவடிப் பகுதியின் வேட்பாளர் வாரியான எண்களுக்குப் பதில் நட்சத்திரக் குறி போடுகிறார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் ஊர்தான் அடிப்படை அலகு. ஒவ்வோர் ஊரின் எண்ணும் அப்படியே வெளியாகிறது. டிக்ஸ்வில் மக்கள் விரும்பித்தான் கேமராக்களை அழைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் எண்களை வாங்கி ஆராய்பவர்களுக்குப் பொறுப்பு உண்டு. பத்துப் பேருக்குக் கீழ் உள்ள ஊரின் முடிவை, பெயர்களும் கட்சிப் பதிவும் உள்ள பட்டியலோடு இணைத்து வெளியிடாதீர்கள். தனித்தனியாக இரண்டும் பொது ஆவணங்களாக இருந்தாலும், சேர்த்தால் ஒருவரின் வாக்கு அம்பலமாகும்.

வாக்குச்சீட்டில் பெயரே இல்லாதவருக்கு வாக்கு விழுவது எப்படி?

சீட்டின் கீழே காலிக் கோடு இருக்கும்; விரும்பும் பெயரை அதில் எழுதலாம். 2016இல் ராம்னி பெற்ற ஒரு வாக்கு அப்படி எழுதப்பட்டது. 2020 உட்கட்சித் தேர்தலில் நியூயார்க் முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் பெயர் நியூ ஹாம்ப்ஷயர் சீட்டில் இல்லை. டிக்ஸ்வில்லின் ஐந்து வாக்குகளில் மூன்றில் அவர் பெயரை எழுதியிருந்தார்கள்: ஜனநாயகக் கட்சிச் சீட்டில் இரண்டு, குடியரசுக் கட்சிச் சீட்டில் ஒன்று. இரு கட்சிகளிலும் அந்த ஊரில் முதலிடம் அவருக்கே.

இப்படிப்பட்ட வாக்குகளைத் தரவில் ஏற்றும்போது கவனம் வேண்டும். மாநிலத் தொகுப்பில் பல சமயம் இவை ‘மற்றவை’ என்று ஒரே நெடுவரிசையில் போய்விடும். பெயர்வாரியாக வேண்டுமானால் ஊர் எழுத்தரின் மூல அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். ‘மற்றவை’யைத் தவிர்த்துவிட்டு இரு பெரிய கட்சிகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், எட்டு வாக்கு பதிவான 2016இல் இரண்டு பேரை, அதாவது ஊரின் கால்பங்கை, துடைத்துவிட்டிருப்பீர்கள்.